டெவ்ஒப்ஸா, எஸ்.ஆர்.ஈ.யா? மலையகத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தலவாக்கலையில் வீட்டிலிருந்தபடி கொழும்புக் கம்பனி ஒன்றின் சேர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது மென்பொருள் படிக்கப் போகிறார்கள். லீவுக்கு வந்தால் வாசலில் உட்கார்ந்து கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைக்கிறேன். ஒரே வேலையைக் கையால் பலமுறை செய்வது இந்தத் தொழிலில் குற்றம், அதைப் பற்றியும் கீழே ஒரு கேள்வி இருக்கிறது.

அண்ணா, ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. கோட் எழுதுகிறவரும் அதை ஓட்டுகிறவரும் ஒரே பொறுப்பில் நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு டெவ்ஒப்ஸ். சைட் ரிலையபிலிட்டி எஞ்சினியரிங், அதாவது எஸ்.ஆர்.ஈ., அந்தப் பொறுப்பை எண்ணில் அளந்து, எண் சொல்கிறபடி நடக்கிற வேலைமுறை. ஜாவா படித்தவர்களுக்கு கூகுள்காரர்கள் சொல்லும் விளக்கம் சட்டென்று பிடிபடும்: டெவ்ஒப்ஸ் ஒரு இன்டர்ஃபேஸ், எஸ்.ஆர்.ஈ. அதை இம்ப்ளிமென்ட் பண்ணுகிற ஒரு கிளாஸ். (இன்டர்ஃபேஸ் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லும், கிளாஸ் அதைச் செய்துகாட்டும்.) அந்த இன்டர்ஃபேஸை வேறு கிளாஸும் இம்ப்ளிமென்ட் பண்ணலாம். அதனால்தான் எஸ்.ஆர்.ஈ. இல்லாமலே நல்ல டெவ்ஒப்ஸ் செய்கிற இடங்கள் இருக்கின்றன.

எழுதுகிறவருக்கும் ஓட்டுகிறவருக்கும் அப்படி என்ன சண்டை இருந்தது, ஒன்றாக்க?

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மலையைப் பார்க்கிற கண்டாக்கையாவிடம் தோட்டத்து மனேஜரான துரை கேட்பது ஒன்றுதான்: இன்றைக்கு எத்தனை கிலோ? பேக்டரியில் டீமேக்கரிடம் கேட்பது வேறு: தூள் ஏன் இந்த ஏலத்தில் விலை போகவில்லை? ஒருவருக்கு அளவு, மற்றவருக்குத் தரம். கிலோ கூட வேண்டும் என்றால் முற்றல் இலையும் கூடைக்குள் வரும். லொரி பேக்டரி வாசலுக்கு வந்ததும் டீமேக்கர் ஒரு கைப்பிடி அள்ளி மேசையில் கொட்டுவார். இரண்டு இலையும் ஒரு மொட்டும் ஒரு பக்கம், முற்றலும் காம்பும் மறுபக்கம் என்று பிரித்து எண்ணுவார். நல்லது குறைந்தால் மலைக்கு போன் போகும், அங்கிருந்து பதில் வரும்: "நாங்க நல்லாத்தான் அனுப்பினோம், லொரியில அமுக்கி சூடாக்கிட்டாங்க." இதற்கிடையில் இலை காத்திருக்காது. விரித்துக் காற்றடித்து வாட்டாவிட்டால் குவியலுக்குள்ளேயே வெந்துபோகும்.

மென்பொருள் கம்பனிகளிலும் இதே கதைதான். எழுதுகிற குழுவுக்குப் புது அம்சங்களை வெளியிட்டால் பாராட்டு. ஓட்டுகிற குழுவுக்கு எதுவும் உடையாவிட்டால் பாராட்டு. உடைகிறதில் பெரும்பகுதி மாற்றத்தால்தான் உடைகிறது. அப்புறம் ஓட்டுகிறவர் மாற்றத்தைத் தடுக்கத்தானே பார்ப்பார்? இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. இரண்டு பேரையும் எதிரெதிர்த் தராசில் நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எது மூத்தது?

பெயரை வைத்துப் பார்த்தால் எஸ்.ஆர்.ஈ. 2003இல் கூகுளில் பென் ட்ரெய்னர் ஸ்லோஸ் என்பவரிடம் ஏழு பேர் கொண்ட ஒரு குழுவை ஒப்படைத்தார்கள். அவர் மென்பொருள் எழுதுகிறவர். சேர்வர் பார்க்கும் வேலையை மென்பொருள் எழுதுகிற ஒருவரிடம் வடிவமைக்கச் சொன்னால் என்ன வருமோ அதுதான் எஸ்.ஆர்.ஈ. என்பது அவருடைய விளக்கம். 2006இல் அமேசானின் வெர்னர் வோகல்ஸ் "நீங்கள் கட்டினால் நீங்களே ஓட்டுங்கள்" என்ற பொருளில் பேசியிருக்கிறார். 2009 ஜூனில் பிளிக்கரின் ஜோன் ஓல்ஸ்போவும் போல் ஹமண்டும் நாளுக்குப் பத்துத் தடவைக்கு மேல் டிப்ளோய் பண்ணுகிறோம், அதாவது புது கோடைச் சேர்வரில் போடுகிறோம் என்று மேடையேறிச் சொன்னபோது பலருக்கு நம்ப முடியவில்லை. அந்த உற்சாகத்தில் அதே ஆண்டு ஒக்டோபரில் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பட்ரிக் டிபுவா முதலாவது டெவ்ஒப்ஸ்டேஸ் கூட்டத்தை நடத்தினார். டெவ்ஒப்ஸ் என்ற சொல் ஊரெல்லாம் பரவியது அங்கிருந்துதான். கூகுள் தன் முறையைப் புத்தகமாக வெளியே விட்டது 2016இல். ஆகவே வெளியுலகத்துக்குத் தம்பிதான் முதலில் அறிமுகம்.

எஸ்.எல்.ஐ., எஸ்.எல்.ஓ., எஸ்.எல்.ஏ. என்று மூன்று எழுத்துகளைப் போட்டுக் குழப்புகிறார்களே?

இதுதான் மொத்தத்தின் இருதயம். கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

கொழுந்து நிறுக்கும் தராசோடு ஒரு செயலியை இணைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ரோட்டோரம் கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டியதும் எடை கணக்கப்பிள்ளையின் போனுக்கு வருகிறது, அங்கிருந்து சேர்வருக்குப் போகிறது. 300 பேர், நாளுக்கு 3 நிறுவை, மாதம் 25 வேலைநாள். மொத்தம் 22,500 பதிவுகள்.

எதை அளப்பது? சேர்வரின் சீபியூ எத்தனை சதவீதம் என்பதை இல்லை. அது மலையில் நிற்கிற அக்காவுக்கு எதற்கு? அவருக்கு வேண்டியது தன் எடை பதிந்துவிட்டதா என்பது. ஆகவே "5 விநாடிக்குள் சேர்வரில் பதிந்த நிறுவைகளின் வீதம்" என்று எடுக்கிறோம். அந்த அளவை எஸ்.எல்.ஐ. (சேர்விஸ் லெவல் இன்டிகேட்டர்). அது எவ்வளவு இருந்தால் போதும் என்று நாமே வைக்கும் இலக்கு எஸ்.எல்.ஓ. (சேர்விஸ் லெவல் ஒப்ஜெக்டிவ்). 30 நாளில் 99.5 சதவீதம் என்று வைப்போம். தவறினால் நட்டஈடு தருகிறேன் என்று வாடிக்கையாளரோடு எழுதிக்கொள்வது எஸ்.எல்.ஏ. (சேர்விஸ் லெவல் அக்ரிமென்ட்). அது வக்கீலின் மேசைக்குரியது, எப்போதும் எஸ்.எல்.ஓ.வைவிடத் தளர்வாக இருக்க வேண்டும். இலக்கு தவறிய அன்றே காசு கட்டுகிற நிலை வந்துவிடக் கூடாது.

99.5 என்றால் 0.5 சதவீதம் தவறலாம். 22,500இல் 112 பதிவுகள். இந்த 112தான் எரர் பட்ஜெட். பிழைக்கென்று ஒதுக்கிய செலவுப்பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் மிச்சமிருக்கும்வரை எழுதுகிற குழு துணிந்து புதியதை வெளியிடலாம், யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள். தீர்ந்துவிட்டால் புது வெளியீடு நிற்கும், எல்லாரும் சேர்ந்து உறுதியாக்கும் வேலையைப் பார்ப்பார்கள். கண்டாக்கையாவும் டீமேக்கரும் போனில் கத்திக்கொள்வதற்குப் பதிலாக இருவரும் ஒரே எண்ணைப் பார்க்கிறார்கள். டெவ்ஒப்ஸ் "சேர்ந்து வேலை செய்யுங்கள்" என்கிறது. சேராவிட்டால் எந்த எண் எந்த வேலையை நிறுத்தும் என்பதையும் எஸ்.ஆர்.ஈ. எழுதிவைக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் சாயம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. தாமதமாகப் பதிவதற்கு 112 வைக்கலாம். எடை குறைந்து பதிவதற்கு வைக்க முடியாது. சாக்குக் கழிவு, ஈரக் கழிவு என்று ஏற்கனவே வெட்டுகிற கிலோக்களைப் பற்றி எங்கள் அம்மாமார் எத்தனை வருடம் வாதாடியிருக்கிறார்கள் தெரியுமா? 18 கிலோ கொடுத்த ஒருவருக்கு 16 என்று பதிந்தால், "நூற்றுப் பன்னிரண்டுக்குள்தானே" என்று சொல்ல முடியுமா? அதனால் சிக்னல் இல்லாவிட்டால் போனிலேயே எழுதிவைத்து, கிடைத்ததும் அனுப்பும்படிதான் செயலியை எழுத வேண்டும். ஒரு பதிவை இரண்டு தடவை அனுப்பினாலும் ஒன்றாகவே எண்ணும்படி செய்ய வேண்டும். எதற்கு பட்ஜெட், எதற்கு பட்ஜெட்டே இல்லை என்று முதல் நாளே பிரித்து எழுதாத எஸ்.எல்.ஓ. வெறும் சுவரொட்டி.

ஏன் 100 சதவீதம் என்று வைக்கக் கூடாது?

30 நாள் என்பது 43,200 நிமிடம். 99 சதவீதம் என்றால் 7 மணி 12 நிமிடம் நின்றுபோகலாம். 99.9 என்றால் 43 நிமிடம். 99.99 என்றால் 4 நிமிடம் 19 விநாடி. நாலு நிமிடத்தில் எந்த மனிதரும் தூக்கத்திலிருந்து எழுந்து, லெப்டொப்பைத் திறந்து, பிரச்சினையைக் கண்டுபிடித்துத் திருத்த முடியாது. அங்கே இயந்திரமே தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும், அதற்கு ஆகும் காசு வேறு. பாவிப்பவரின் போன் நெட்வேர்க்கே அதைவிட அடிக்கடி அறுகிறது என்றால் அந்தக் காசு வீண்.

அளவுக்கு மிஞ்சிய உறுதியும் ஆபத்துத்தான். கூகுளுக்குள் சப்பி என்றொரு லொக் சேவை உண்டு, ஒரே நேரத்தில் ஒருவர்தான் தொட வேண்டியதைப் பூட்டிக்கொடுப்பது அதன் வேலை. அது விழவே மாட்டாது என்று மற்றக் குழுக்கள் நம்பி, மாற்று ஏற்பாடு இல்லாமல் அதன் மேலேயே எல்லாவற்றையும் கட்டிவிட்டார்கள். ஆகவே ஒரு காலாண்டில் அது தானாக விழாவிட்டால் இவர்களே வேண்டுமென்று கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பார்களாம். முதலில் வாசித்தபோது சிரித்தேன். பிறகு என் வேலையிடத்திலேயே அப்படியொரு சேவை இருப்பது ஞாபகம் வந்தது.

இரண்டும் எங்கே ஒன்றாகப் பொருந்துகின்றன?

கருவிகளில் ஏறக்குறைய முழுக்க. கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், கோடைச் சோதித்துச் சேர்வர்வரை தானாகக் கொண்டுபோகும் பைப்லைன், சேர்வர் அமைப்பைக் கோடாக எழுதும் டெராஃபோம், பல சேர்வர்களில் செயலிகளை ஓட்டும் குபர்நெட்டீஸ், அளவீடுகளைச் சேர்க்கும் புரொமீதியஸ், அவற்றை வரைபடமாகக் காட்டும் கிராஃபானா எல்லாம் இரு பக்கமும் பொது. சிறிய மாற்றங்களாக அடிக்கடி வெளியிடுவது, உடைந்தால் உடனே பின்வாங்குவது, சேர்வர் அமைப்பையே கோடாக எழுதிவைப்பது எல்லாமும் பொது.

அளப்பதில் ஒரு சாய்வு உண்டு. டெவ்ஒப்ஸ்காரர்கள் டோரா என்ற ஆய்வுக் குழுவின் அளவைகளைப் பார்ப்பார்கள்: எத்தனை தடவை வெளியிடுகிறோம், எழுதியது வெளியே போக எவ்வளவு நாள், அதில் எத்தனை உடைகிறது, எவ்வளவு வேகத்தில் மீள்கிறோம். பேக்டரிக்குள் இலை எவ்வளவு சீராக ஓடுகிறது என்பது போல. எஸ்.ஆர்.ஈ.க்கு முதல் கேள்வி, குடிக்கிறவருக்கு அந்த டீ எப்படியிருந்தது என்பது.

டொயில் என்கிறார்களே, அது என்ன?

கையால் செய்யும், திரும்பத் திரும்ப வரும், செய்து முடித்தாலும் நிலைமையை ஒரு படி கூட உயர்த்தாத வேலை. சேவை வளர வளர அதுவும் வளரும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் போட்டதை ஒரு புத்தகத்திலும், அதையே பார்த்து சம்பளப் பதிவேடான செக்ரோலிலும், அதையே பார்த்து இன்னொரு தாளிலும் எழுதுகிற மாதிரி.

கூகுள் எஸ்.ஆர்.ஈ. குழுக்களுக்கு ஒரு விதி வைத்தது: இப்படிப்பட்ட ஓட்டும் வேலை நேரத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மிச்ச நேரம் அந்த வேலையை ஒழிக்கும் மென்பொருளை எழுத வேண்டும். தாண்டினால் வேலை எழுதிய குழுவிடமே திரும்பிப் போகும். இதுவும் எண் வைத்த விதிதான், கவனியுங்கள்.

கையால் செய்வதன் விலைக்கு ஒரு கதை. 2012 ஓகஸ்ட் 1ஆம் திகதி, அமெரிக்கப் பங்குச்சந்தையில் நைட் கெப்பிட்டல் என்ற நிறுவனம். எட்டு சேர்வர்களுக்குப் புது கோட் போட வேண்டும், ஏழுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. எட்டாவதில் கிடந்த பழைய கோட் உயிர்பெற்று, சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டொலர் அளவுக்கு நட்டம். எட்டையும் ஒரே மாதிரி போட்டு, போட்டதைச் சரிபார்க்கிற ஒரு ஸ்கிரிப்ட் எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

பழி சொல்லாத போஸ்ட்மோட்டம், அதாவது பழுதுக்குப் பிறகு எழுதும் ஆய்வறிக்கை, தப்புச் செய்தவரைக் காப்பாற்றும் வேலைதானே?

இல்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொன்றரை மணியளவில் நாடு முழுக்க கரண்ட் போனது. எங்கள் வீட்டில் குக்கரில் சோறு பாதி வெந்து நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் மோதியதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். ஊரெல்லாம் குரங்கு ஜோக்தான்.

குரங்குமேல் பழியைப் போட்டால் ஆராய்ச்சி அங்கேயே முடிந்துவிடும். மரத்துக்கு மரம் குரங்கு இருக்கிற நாடு இது, நாளைக்கும் ஒன்று ஏறும். கேட்க வேண்டிய கேள்வி, ஒரு இடத்துப் பழுது ஏன் ஒரு தீவையே இருட்டாக்கியது என்பது. ஞாயிறு பகலில் தேவை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம், அதிர்ச்சியைத் தாங்குகிற பெரிய சுழல் இயந்திரங்கள் குறைவு என்று விளக்கங்கள் பிறகு வந்தன. திருத்தக்கூடியது அங்கேதான் இருக்கிறது.

எங்கள் தொழிலிலும் "இன்னார் தப்பான கட்டளையை அடித்தார்" என்று அறிக்கை முடிந்தால் அடுத்த முறை அவர் மறைப்பார். "ஒரு கட்டளை எப்படி முழு டேட்டாபேஸையும் அழிக்க முடிந்தது" என்று தொடங்கினால் பூட்டுப் போட இடம் தெரியும். டெவ்ஒப்ஸும் எஸ்.ஆர்.ஈ.யும் இதில் ஒரு மயிரிழை கூட வேறுபடுவதில்லை.

மலையகத்திலிருந்து ஒன்-கோல் பார்க்க முடியுமா?

ஒன்-கோல் என்றால் சேவை எந்நேரம் விழுந்தாலும் எழுந்து திருத்த முறைவைத்துக் காத்திருப்பது. முடியும், ஏற்பாடு இருந்தால். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோதும் பார்த்தோம். ரூட்டருக்குத் தனியாக ஒரு பெட்டரி, வெவ்வேறு நெட்வேர்க்கின் இரண்டு சிம், வீட்டில் எந்த மூலையில் எதற்கு சிக்னல் வருகிறது என்ற அறிவு. எனக்கு ஒன்று கழுவுமிடத்துக்குப் பக்கத்தில்தான் வரும்.

ஒருமுறை கொழும்பிலிருந்து கோச்சியில் வந்துகொண்டிருந்தேன். முன்பு வேலை செய்த இடம் அது. ஒன்-கோலில் நான் ஒருவன்தான். நாவலப்பிட்டி தாண்டி கலபொட ஏறும்போது அலர்ட் வந்தது: பணம் கட்டும் பக்கம் விழுந்துவிட்டது. போனை எடுத்தேன், சிக்னல் போனது. வட்டவளையில் ஒரு கோடு வந்தது, லொகின் பக்கம் பாதி திறந்தது, போனது. ஹட்டன் ஸ்டேஷனில் நின்றபோது கட்டளையை அடித்து முடிக்கவும் வண்டி கிளம்பவும் சரியாக இருந்தது. அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமலே சிங்கமலை சுரங்கத்துக்குள் போனேன். கொட்டகலையில் பார்த்தால் 27 தவறிய அழைப்புகள். சேவை எழும்பியிருந்தது, மனேஜரும்தான்.

திட்டு எனக்குத்தான் விழுந்தது. ஆனால் தப்பு ஒரே ஆளை நம்பிய ஏற்பாட்டில். ஐந்து நிமிடத்தில் நான் பதில் சொல்லாவிட்டால் அடுத்தவருக்குத் தானாகப் போக வேண்டும். இன்று நான் இருக்கும் குழுவில் அப்படித்தான்.

இன்னொன்று, எதற்கு எழுப்புவது என்பது. ஒவ்வொரு சின்னப் பிழைக்கும் போன் அலறினால் மூன்றாம் நாள் காது மரத்துவிடும். எரர் பட்ஜெட் எவ்வளவு வேகத்தில் எரிகிறது என்று பார்த்து எழுப்புங்கள். பட்ஜெட் சரியாக 30 நாளில் தீரும் வேகத்தைவிட 14.4 மடங்கு வேகத்தில் ஒரு மணி நேரம் எரிந்தால் மாத பட்ஜெட்டில் 2 சதவீதம் போய்விடும். அந்த அளவுக்கு ஆளை எழுப்பலாம். மெதுவாகக் கசிவதற்கு ஒரு டிக்கெட் போதும், காலையில் டீ குடித்துவிட்டுப் பார்க்கலாம்.

எங்கள் கம்பனியில் ஐந்தே பேர். எஸ்.ஆர்.ஈ. வேண்டுமா?

ஆள் வேண்டாம். எண் வேண்டும். ஒரு சேவைக்கு ஒரு எஸ்.எல்.ஓ. எழுதி, அது உடைந்தால் எதை நிறுத்துவோம் என்று ஒரு வரி சேர்த்து, முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கையெழுத்துத்தான் கஷ்டம்.

வேலை விளம்பரத்தில் இரண்டு பெயரும் மாறி மாறி வருகிறதே?

பெயரை நம்பாதீர்கள். டெவ்ஒப்ஸ் எல்லாரும் சேர்ந்து செய்வதென்று சொல்லிவிட்டு, "டெவ்ஒப்ஸ் எஞ்சினியர்" என்று தனியாக ஒருவரைப் போட்டு அந்தச் சுமையை அவர் தலையில் வைப்பது எனக்கு இன்றும் வேடிக்கைதான். விளம்பரத்தின் கீழ்ப்பகுதியை வாசியுங்கள். பைப்லைன், டெராஃபோம், க்ளவுட் என்று போனால் ஒரு வகை வேலை. இன்சிடன்ட் (பழுது), கெப்பசிட்டி (தாங்கும் அளவு), எஸ்.எல்.ஓ. என்று போனால் மற்றது. நேர்முகத்தேர்வில் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியாக உங்கள் எஸ்.எல்.ஓ. உடைந்தபோது எதை நிறுத்தினீர்கள் சேர்?" பதில் வராவிட்டால் அது பழைய சேர்வர் ரூம், புதுப் பலகை. சம்பளம் நன்றாக இருந்தால் போகலாம், கண்ணைத் திறந்துகொண்டு போங்கள்.

உயர்தரம் முடித்துவிட்டு இருக்கிறேன். எங்கே தொடங்க?

லினக்ஸ், நெட்வேர்க்கின் அடிப்படை, பைதன், கிட். க்ளவுட் சான்றிதழ்களுக்கு அப்புறம் போகலாம். பழைய லெப்டொப் ஒன்று போதும்.

முதல் பயிற்சியாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். லெப்டொப்பின் பெட்டரி நல்லதாக இருக்கட்டும். நிமிடத்துக்கு ஒரு தடவை உங்கள் வீட்டு இணைய இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து ஒரு கோப்பில் எழுத வேண்டும். 30 நாளில் 43,200 வரி. அதில் எத்தனை தவறியது, எந்த நேரத்தில், ஏன் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். கொழும்புப் பிள்ளைகள் பயிற்சிக்காகச் செயற்கையாகப் பழுதை உண்டாக்குகிறார்கள், நமக்கு அது மழையோடு இலவசமாக வருகிறது. என் வீட்டு இணைப்புக்குப் போன மாதம் வந்தது 97.8 சதவீதம். தவறியதில் பாதிக்கு மேல் லயத்துக்குப் பின்னாலிருக்கும் சவுக்கு மரத்தின் ஒரு கிளை, காற்றில் கரண்ட் கம்பிமேல் சாய்ந்ததால். வெட்டச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.